படையல் இலையில் புகையிலை

அன்புள்ள வேலுத்தாய் மதினிக்கு,

நேற்று உங்களுக்குத் தலைத்திவசம் கொடுத்தோம். அதற்குள் ஒரு வருஷம் ஓடிப்போச்சே என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்கு அது ஓடின மாதிரித் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் வீட்டு வாசலுக்கு வந்ததும், உள்ளேயிருந்து "யாரு, ராணியா? கையக் கழுவிட்டு வாட்டி" என்று உங்கள் குரல் வரும் என்று இன்னமும் கால் நின்றுவிடுகிறது.

நாத்தனார் என்றால் மதினியிடம் குற்றம் கண்டுபிடிக்கப் பிறந்தவள் என்றுதான் ஊரில் பேச்சு. நான் அதில் தேறாத ஆள். "ஒங்க அண்ணன் பேச வேண்டியதெல்லாம் பட்டாளத்துலயே பேசி முடிச்சிட்டு வந்துட்டாக. மிச்சத்தப் பேச எனக்கு நீதான்" என்று என்னை அடுப்படியில் உட்கார வைத்துக்கொள்வீர்கள். அந்த மிச்சத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நேற்று உங்கள் படையல் இலைக்கு முன்னால் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை. சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். நீங்கள் போடுகிற புகையிலை. எப்போதும் வாங்குகிற அதே மில் வாசல் கடையில் வாங்கியது. நான் கையை நீட்டி அதை எடுத்துவிட்டேன்.

இதற்குப் போயா சண்டை என்று கேட்பீர்கள். இந்த ஒரு வருஷத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், "அவ ஊரான் வாயையெல்லாம் எட்டிப் பாக்குறா" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். பாதி சரிதான். ஒரு மருத்துவக் கல்லூரி நடத்துகிற ஆய்வு. நான் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுவருகிறவள். புகையிலைக்கு வரி ஏற்றினார்கள், பாக்கெட்டில் படம் போட்டார்கள், பொது இடத்தில் பிடிக்கக் கூடாது என்றார்கள். இதனால் வந்த நன்மை எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்து சேர்ந்ததா, இல்லை வசதி இருக்கிறவர்களோடு நின்றுவிட்டதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. நீங்கள் இருக்கும்போது இவ்வளவு விளக்கமாக நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "சரி, சம்பளம் ஒழுங்கா வருதா" என்று கேட்டு முடித்திருப்பீர்கள்.

செட்டியார்பட்டிப் பக்கம் நீங்கள் வேலை பார்த்த நூல் மில்லின் வாசலில், புகை பிடிக்கத் தடை செய்யப்பட்ட வளாகம் என்று பச்சையில் போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டு பொய் சொல்லவில்லை. பஞ்சு ஒரு பொறிக்குத் தாங்காது என்பதால் பீடியும் தீப்பெட்டியும் அந்த வாசலைத் தாண்ட முடியாது. பட்டாளத்திலிருந்து வந்த நாளிலிருந்து அண்ணன்தான் அங்கே பகல் செக்யூரிட்டி. ஆண்களின் சட்டைப் பை, இடுப்பு மடிப்பு, டிபன் டப்பா எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். கன்னத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும்படி அவருக்கு யாரும் சொல்லவில்லை. அது பஞ்சை எரிக்காது. பஞ்சுக்கு ஆகாததை நிறுத்தினார்கள், மனுஷருக்கு ஆகாதது வாய்க்குள் இருந்தபடியே உள்ளே போனது.

அவர் பகல், நீங்கள் ராத்திரி. ஷிப்ட் மாறும்போது அந்த வாசலில் நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் குடும்பம். அப்போது அவர் உங்கள் கையில் பொட்டலத்தைத் திணிப்பார். நீங்கள் முந்தியில் முடிந்துகொண்டு போவீர்கள். கடைக்காரர் எடை போட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற புகையிலையில் எந்தப் படமும் கிடையாது, எந்த எச்சரிக்கையும் கிடையாது.

எங்களுக்கு முன்னால் யாரோ கணக்கெடுக்க வந்து "புகை பிடிப்பீங்களா" என்று உங்களிடம் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே. "பொம்பளையப் பாத்துக் கேக்குற கேள்வியாட்டி அது? எல்லாரும் இல்லைன்னோம். எழுதிக்கிட்டுப் போயிட்டாக." அதைச் சொல்லும்போதும் உங்கள் கன்னம் உப்பித்தான் இருந்தது.

பல்வலியில் ஆரம்பித்தது என்றீர்கள். ராத்திரி ஷிப்டில் வலி தாங்காமல் நின்றபோது பக்கத்து மெஷினில் நின்றவள் ஒரு துணுக்கு கிள்ளிக் கொடுத்திருக்கிறாள். கடைவாயில் வைத்ததும் மரத்துப் போயிருக்கிறது. பல் டாக்டரிடம் போக வேண்டுமென்றால் லீவு வேண்டும். லீவு போட்டால் அந்த மாதத்து வருகை போனஸ் போய்விடும். புகையிலைக்கு லீவு தேவைப்படவில்லை. பிறகு பல் விழுந்தது, வலியும் போனது, புகையிலை மட்டும் தங்கிவிட்டது. "நூல் அறுந்தா ஒடனே முடிச்சுப் போடணும் ராணி. கண்ணு செத்த அசந்தா சூப்பர்வைசர் வந்து நிப்பான். போயிலை வாயில கெடந்தா ஒரு ஆளு கூடவே நின்னு எழுப்பிக்கிட்டே இருக்க மாதிரி இருக்கும்" என்று ஒருநாள் சொன்னீர்கள். பசியும் தெரியாதாம். பஞ்சுத் தூசியும் தொண்டைக்கு இறங்காதாம்.

தூசி விஷயம் உண்மையா என்று எனக்கு இன்னமும் தெரியாது. எங்கள் டாக்டரிடம் கேட்டேன். தூசிக்கு மாஸ்க்தான் கட்ட வேண்டும் என்றார். அந்த வெக்கையில் விடிய விடிய மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு யார் நிற்பார்கள் மதினி?

கன்னத்தில் புண் வந்தபோது கடித்துக்கொண்டேன் என்றீர்கள். மணத்தக்காளிக் கீரை வைத்துத் தின்றீர்கள். மில்லுக்கு வருகிற டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். வாய் இட்லித் துண்டு நுழைகிற அளவுக்குக்கூடத் திறக்காமல் போன பிறகுதான் மதுரைக்குப் போனோம். அங்கே டாக்டர்கள் புற்றுநோய் முற்றிவிட்டது என்றார்களே தவிர எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும்.

அதே மில் ஆபீஸில் இருக்கிற ஒருவருக்கு நாக்கு ஓரத்தில் புண் வந்தது. வருஷம் தவறாமல் பல் டாக்டரைப் பார்க்கிற ஆள். டாக்டர் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். சின்ன ஆபரேஷனோடு போனது. இப்போது தினமும் காலையில் வேகமாக நடக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும், அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கையை வீசி நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

கடைசியில் ஒருநாள் பால்கோவா வாங்கி வந்து உங்கள் நாக்கில் தடவினேன். "மண்ணு மாதிரி இருக்கு ராணி" என்றீர்கள். கரண்டு என்று நாம் சொல்கிற அந்தக் கதிர்வீச்சு வைத்தால் ருசி போய்விடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் கொல்லையில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

பிறகு உங்கள் பதினாறாம் நாள். அன்றைக்கும் அண்ணன் இலை ஓரத்தில் புகையிலை வைத்தார். செத்தவர்களுக்குப் பிடித்ததை வைப்பது நம் வழக்கம்தானே. பெரியப்பாவுக்குச் சுருட்டும் பிராந்தியும் வைத்த வீடுதானே இது. படைத்ததைத் தூக்கி எறியக் கூடாது, வீட்டு ஆள் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் வழக்கம். காக்காய்க்கு வைத்தாயிற்று, எல்லோரும் சாப்பிட்டு எழுந்தாயிற்று, அது மட்டும் அப்படியே கிடந்தது. உங்கள் மகள் கோதைதான் எடுத்தாள். "அம்மாவுக்கு வச்சதுல்லா" என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். பிள்ளை தாயைத் தேடுகிறது என்று சுற்றி நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. யாருக்கும் அது தடுக்க வேண்டிய காரியமாகப் படவில்லை.

உங்களைப் பார்த்துக்கொள்வதற்காக நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாளே, அவள் திரும்பிப் போகவில்லை மதினி. உங்கள் இடம் காலியாக இருக்கிறது என்று மில்லில் கூப்பிட்டார்கள். உங்கள் மெஷினில்தான் நிற்கிறாள். அதே ராத்திரி ஷிப்ட்.

போன மாதம் எங்கள் ஆய்வுக்காக அந்த மில் கேன்டீனில் வாய் பரிசோதனை முகாம் போட்டோம். பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார், நான் பக்கத்தில் நின்று எழுதுவேன். வரிசையில் கோதை நின்றாள். என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசி ஆளாக வந்தாள். வாயைத் திறந்தாள். டாக்டர் இடது கன்னத்தை விரலால் இழுத்து ரொம்ப நேரம் பார்த்தார். உங்களுக்கு வந்ததும் இடது கன்னம்தான். என் பேனா ஓடவில்லை.

"வெள்ளையா ஒரு திட்டு இருக்கும்மா" என்றார் அவர். "இது புற்றுநோய் இல்லை, பயப்படாதீங்க. இப்பவே நிறுத்தினா தானா மறையவும் வாய்ப்பு இருக்கு. நிறுத்தலேன்னா என்னால உறுதி சொல்ல முடியாது. எதுக்கும் மதுரைக்குப் போய்க் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிருங்க."

கோதை முதலில் சொன்னது என்ன தெரியுமா? "லீவு கேக்கணும் சார்."

வெளியே கூட்டிவந்து எப்போதிருந்து என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்கு இலையில எடுத்தேன்ல அத்தை. அம்மா வாசம் அடிச்சிச்சு. பொறவு ஷிப்டுல தூக்கம் வரயில அம்மாவ நெனச்சு வாங்கிப் போட்டேன். அம்புட்டுதான்."

அம்புட்டுதான் என்றாள் மதினி. நான் அவளை என்ன சொல்லித் திட்டுவேன்?

பத்து நாள் கழித்து மதுரையில் எங்கள் ஆய்வுக் கூட்டம். திரையில் இரண்டு கோடுகள் காட்டினார்கள். படித்தவர்கள், கையில் காசு புழங்குகிறவர்கள் கோடு நன்றாகக் கீழே இறங்குகிறது. மற்றவர்கள் கோடு இறங்க மனசில்லாமல் படுத்துக் கிடக்கிறது. மொத்தத்தில் புகையிலை குறைந்திருக்கிறது, ஆனால் இரண்டு கோட்டுக்கும் நடுவே இடைவெளி அகன்றுவிட்டது என்றார் எங்கள் தலைமை டாக்டரம்மா. அவர் நல்ல மனுஷி. "இந்த ரெண்டாவது கோடு ஏன் இறங்கலேன்னு நமக்கு இன்னும் தெரியலை" என்று வருத்தமாகச் சொன்னார். விழிப்புணர்வு போதவில்லை என்று ஒருவர் சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "களத்துல நீங்கதானே இருக்கீங்க, என்ன நினைக்கிறீங்க" என்று கேட்டார். அந்தக் கோட்டில் எந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், எந்த இடத்தில் கோதை நிற்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கனத்தோடுதான் நேற்று வீட்டுக்கு வந்தேன். அதனால்தான் அண்ணன் பொட்டலத்தை வைத்ததும் கை தானாகப் போய்விட்டது.

"வையிட்டி அத. அவளுக்குப் புடிச்சத வைக்காம வேற எத வைக்க?" என்றார்.

"வேற என்ன புடிக்கும்னு சொல்லுங்கண்ணே, நான் வைக்கேன்" என்றேன்.

"மீன் கொழம்பு."

"அது ஒங்களுக்குப் புடிச்சது. ஒங்களுக்காக வச்சாக."

"பணியாரம்."

"அது கோதைக்கு."

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். நான் ஜெயித்துவிட்டதாக ஒரு நொடி நினைத்தேன். அப்புறம்தான் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று உறைத்தது. உங்கள் அடுப்படியில் இத்தனை வருஷம் உட்கார்ந்து தின்றிருக்கிறேன். உங்களுக்கு எது பிடிக்கும்? பாயசமா, கருவாடா, வெறும் மோர்ச்சோறா? வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. நீங்கள் ருசித்துச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. எங்கள் எல்லோருக்கும் உங்களைப் பற்றித் தெரிந்த ஒரே விருப்பம் அந்தப் பொட்டலம்தான். அதுவும் விருப்பமா என்ன?

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் வாங்கிக் குடுத்துத்தான் அவ செத்தான்னு சொல்லுத. சொல்லு. ஆனா அத வாங்கிக்கிடயில எம்மூஞ்சியப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பா ராணி. நாளு முழுக்க அந்த ஒரு சிரிப்புத்தான். அதுக்காகத்தான் வாங்குனேன்."

பட்டாளத்துக்காரர், உங்களைத் தூக்கிப் போன அன்றைக்குக்கூட விறைப்பாக நின்றவர், உட்கார்ந்து துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தப் பொட்டலத்தை வேண்டாம் என்று சொன்னால், தன் கையால் விஷம் கொடுத்ததாக அவர் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் மனுஷன் அதை இலையில் வைத்தே தீருவேன் என்று நின்றிருக்கிறார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து கோதை வந்தாள். கையில் ஒரு தலையணை. உங்களுக்காக ஆஸ்பத்திரிக்கென்று வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பரணில் கிடந்தது. பொட்டலம் இருந்த இடத்தில் அதை வைத்தாள்.

"அம்மாவுக்குத் தூக்கம் புடிக்கும்" என்றாள்.

தலையணை வைத்த படையலை எங்கள் வீட்டில் இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. வயசில் பெரியவர் ஒருவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அவரைக் கையமர்த்திவிட்டுச் சூடத்தைக் கொளுத்தினார்.

சாப்பிட்டு முடிந்ததும் நான் கோதையிடம், "படைச்சத வீட்டு ஆளுதான் எடுத்துக்கிடணும். எடுத்துட்டுப் போயி செத்த நேரம் படு" என்றேன். உடனே போய்ப் படுத்தாள். ஜன்னலுக்கு வெளியே சாமான் கழுவுகிற சத்தம், பேச்சுச் சத்தம், எதற்கும் அசையவில்லை. அவள் அப்படித் தூங்கி நான் பார்த்து எத்தனையோ காலமாகிறது. இந்த இடத்தில் கடிதத்தை முடித்தால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும்.

ஆனால் பொழுது சாயும்போது மில் வேன் வந்துவிட்டது. எழுந்து முகம் கழுவித் தலையை வாரிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அத்தை, அப்பா வாங்கியாந்தது ஒங்க பையிலதான இருக்கு?"

"இருக்கு."

"தாங்க. இன்னிக்கு மட்டும். நாளையிலேர்ந்து நிறுத்திருதேன். அது இல்லாம விடிய நிக்க முடியாது அத்தை. தூக்கத்துல மெஷினுக்குள்ள கைய விட்டாலும் விட்டுருவேன்."

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? கொடுத்தால் கன்னம், கொடுக்காவிட்டால் கை. நான் கொடுக்கவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. "சரி, வாசல்ல கடை இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

அண்ணன் எழுந்து கொடியில் கிடந்த யூனிபார்ம் சட்டையை மாட்டினார். "இன்னிக்கு லீவுல்லாண்ணே" என்றேன். "வாசல்ல நிக்கப் போறேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு வேன் பின்னாலேயே போனார்.

திரும்பி வந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "கடைக்கும் கேட்டுக்கும் நடுவுல நின்னேன். எம்மூஞ்சியப் பாத்தா. கடைக்குப் போகாம உள்ள போயிட்டா" என்றார். யூனிபார்ம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "அவ அம்மா சிரிச்சிட்டுப் போவா. இவ அழுதுக்கிட்டுப் போறா" என்றார். பிறகு அவர் சாப்பிடவில்லை.

ஒரு நாள் நிறுத்திவிட்டார் மதினி. இன்றைக்கும் நிற்பார், நாளைக்கும் நிற்பார். ஆனால் ஷிப்டில் கோதைக்குப் பக்கத்தில் நிற்கிறவள் ஒரு துணுக்கு கிள்ளி நீட்டுவாளே, அப்போது நடுவில் யார் நிற்பது? தூங்க விடாத வேலையை அப்படியே வைத்துக்கொண்டு வாயை மட்டும் சுத்தமாக வைக்கச் சொல்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

இப்போது காலை வெயில் ஏறிவிட்டது. கோதை ஷிப்ட் முடிந்து வந்து உங்கள் தலையணையில் தூங்குகிறாள். கை பத்திரமாக இருக்கிறது. கன்னத்தைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

லீவுக்காகத் தள்ளிப்போட்ட அந்த டெஸ்டுக்கு வியாழக்கிழமை அவளை நான் மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். போனஸ் போனால் போகட்டும். அடுத்த கூட்டத்தில் டாக்டரம்மா கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து உங்களைப் பற்றிச் சொல்வேன். பல்வலிக்கு லீவு கிடைக்காததையும், ராத்திரி முழுக்க உட்கார முடியாததையும், படம் போடாத காகிதப் பொட்டலத்தையும் சொல்வேன். அதன் பிறகு சுந்தரபாண்டியத்துக்குப் போய் உங்கள் அக்காவைப் பார்ப்பேன். மில்லுக்குப் போகும் முன்னால், சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எங்கள் வேலுத்தாய் எதைக் கேட்டு அடம்பிடிப்பாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வருவேன். அடுத்த வருஷம் உங்கள் இலையில் அதுதான் இருக்கும். அதை எடுத்துச் சாப்பிட உங்கள் மகள் வாய் நன்றாகத் திறக்க வேண்டும். அதற்கு நான் பொறுப்பு.

மிச்சப் பேச்சோடு இன்னமும் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்,
உங்கள் நாத்தனார்
செல்வராணி